பழைய எலெக்ட்ரிக் கார் வாங்கப் போறீங்களா? பேட்ஜை நம்பாதீங்க... இந்த மூன்று எண்களைப் பாருங்க!

'நெக்ஸான் இ.வி, 2022 மாடல், சிங்கிள் ஓனர், ஷோரூம் சர்வீஸ், ஃபுல் சார்ஜில் 300 கி.மீ. ஓடும்.'

பழைய கார் விற்கும் ஆப்களில் இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்தால், விரல் தானாகவே போன் நம்பரைத் தேடும். ஆனால், வாங்குகிறவருக்கு மிகவும் தேவையான தகவல் அந்த வரியில் இல்லை. 2022-ம் ஆண்டில் நெக்ஸான் இ.வி என்ற பெயரில் இரண்டு வேறு பேட்டரிகளோடு கார்கள் விற்பனையாகின. ஒன்றின் பேட்டரி 30.2 கிலோவாட் ஹவர். இன்னொன்று, அந்த ஆண்டு மே மாதம் 'மேக்ஸ்' என்ற பெயரில் வந்தது. அதன் பேட்டரி 40.5 கிலோவாட் ஹவர். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். புதிதாக அறிமுகமானபோது முதலாவதன் ஆரம்ப விலை 13.99 லட்சம் ரூபாய். மேக்ஸின் ஆரம்ப விலை 17.74 லட்சம்.

சின்ன பேட்டரி காரை, பெரிய பேட்டரி காரின் விலையை மனதில் வைத்துக்கொண்டு வாங்கிவிட்டால் நஷ்டம் லட்சக்கணக்கில் இருக்கும். எல்லா விற்பனையாளர்களும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல முடியாது. தன் காரில் எந்த பேட்டரி இருக்கிறது என்றே தெரியாத ஓனர்களும் உண்டு. கை மாறி வந்த காரை விற்கும் புரோக்கருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு இன்னும் குறைவு. எனவே, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வாங்குகிறவர்தான் சரிபார்க்க வேண்டும்.

அதற்கு மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. மூன்று எண்களைத் தெரிந்துகொண்டால் போதும். பேட்டரியின் அளவு, காருக்குள் இருக்கும் சார்ஜரின் திறன், பேட்டரியில் இன்று மிச்சம் இருக்கும் ஆரோக்கியம்.

ஈ.பி. பில் தெரிந்தால் பேட்டரியும் தெரியும்!

கிலோவாட் ஹவர் என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டாம். வீட்டு மின் கட்டண அட்டையில் 'யூனிட்' என்று எழுதுகிறார்களே, அதேதான் இது. 30.2 கிலோவாட் ஹவர் பேட்டரி என்றால், சுமார் 30 யூனிட் கரன்ட்டைச் சேர்த்துவைக்கும் டேங்க் என்று வைத்துக்கொள்ளலாம்.

விளம்பரங்களில் வரும் கி.மீ. கணக்கு, சோதனைக்கூடத்தில் குறிப்பிட்ட முறையில் ஓட்டி அளந்தது. 30.2 யூனிட் நெக்ஸானுக்கு அப்படிக் கிடைத்த எண் 312 கி.மீ. ஏ.சி. போட்டு, நான்கு பேர் உட்கார்ந்து, நெடுஞ்சாலையில் போகும்போது அந்த எண் வராது. நெக்ஸான் அளவுள்ள ஒரு காருக்கு யூனிட்டுக்கு 6 முதல் 7 கி.மீ. என்று கணக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. அப்படிப் பார்த்தால் 30 யூனிட் பேட்டரிக்கு சுமார் 200 கி.மீ., 40 யூனிட் பேட்டரிக்கு சுமார் 260 கி.மீ.

இந்த வித்தியாசம் எங்கே உறைக்கும்? கோவையில் இருந்து ஈரோடு சுமார் 100 கி.மீ. காலையில் போய் மாலையில் திரும்பும் ஒருவருக்கு, 40 யூனிட் கார் வழியில் எங்கும் நிற்காமல் வீடு சேர்க்கும். 30 யூனிட் காரில் கடைசி 20 கி.மீ. திக் திக் என்றுதான் போகும். அதே காரின் பேட்டரி 10 சதவீதம் தேய்ந்திருந்தால், வழியில் சார்ஜ் போட்டே ஆக வேண்டும்.

ஒரே பெயர்... உள்ளே வேறு வேறு!

நெக்ஸான் ஓர் உதாரணம்தான். பழைய கார் சந்தைக்கு வரும் பல எலெக்ட்ரிக் கார்களில் இந்தக் குழப்பம் இருக்கிறது.

* டாடா நெக்ஸான் இ.வி: 2020 ஜனவரியில் 30.2 யூனிட். 2022-ல் 40.5 யூனிட்டுடன் மேக்ஸ். அதே ஆண்டு வந்த 'பிரைம்' பழைய 30.2 யூனிட்தான். 2023 செப்டம்பரில் புதிய முகத்தோடு வந்தபோது 30, 40.5 என இரண்டு அளவுகள். 2024-ல் 45 யூனிட்டும் சேர்ந்துகொண்டது.

* டாடா டியாகோ இ.வி: 19.2 யூனிட், 24 யூனிட் என இரண்டு.

* எம்.ஜி. இசட்.எஸ். இ.வி: 2020-ல் 44.5 யூனிட். 2022 மார்ச்சில் இருந்து 50.3 யூனிட்.

* மஹிந்திரா எக்ஸ்.யூ.வி. 400: 34.5 யூனிட், 39.4 யூனிட் என இரண்டு.

* எம்.ஜி. விண்ட்சர்: 38 யூனிட். 2025-ல் வந்த 'புரோ' 52.9 யூனிட்.

விளம்பரத்தில் 'இ.வி', 'டாப் எண்ட்', 'லாங் ரேஞ்ச்' என்று எது எழுதியிருந்தாலும், போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "பேட்டரி எத்தனை கிலோவாட் ஹவர்?" பதில் தயங்கி வந்தால், அடுத்து ஆர்.சி. புக்கின் போட்டோவைக் கேளுங்கள்.

ஆர்.சி. புக் சொல்லும் கதை

ஆர்.சி. புக்கில் பேட்டரியின் அளவு நேரடியாக அச்சாகி இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால், துப்பு கொடுக்கும் இடங்கள் நிறைய உண்டு.

முதலில், மாடல் பெயர். பல ஆர்.சி-க்களில் வேரியன்ட் பெயரும் சேர்ந்தே இருக்கும். விளம்பரத்தில் 'மேக்ஸ்', ஆர்.சி-யில் அந்தச் சொல்லே இல்லை என்றால், ஏன் என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, தயாரிக்கப்பட்ட மாதமும் ஆண்டும். '2022 மாடல்' என்று விற்கப்படும் கார், 2021 கடைசியில் தயாராகி 2022-ல் பதிவானதாக இருக்கலாம். புதிய பேட்டரி அறிமுகமான மாதத்துக்கு முன்பே தயாரான காரில் அந்த பேட்டரி இருக்க வழியே இல்லை.

மூன்றாவது, காரின் எடை. ஆர்.சி-யில் 'அன்லேடன் வெயிட்' என்று ஒரு வரி இருக்கும். ஆட்கள், சுமை ஏதும் இல்லாத காரின் எடை அது. பெரிய பேட்டரி அதிக எடை உள்ளது. 30.2 யூனிட் நெக்ஸானைவிட மேக்ஸ் சுமார் 100 கிலோ கூடுதல். பலர் கவனிக்காமல் விடும் வரி இது.

நான்காவது, வாகன வகை. எலெக்ட்ரிக் கார் என்றால் பச்சை நம்பர் பிளேட். அதில் சொந்தக் காருக்கு வெள்ளை எழுத்து, வாடகைக் காருக்கு மஞ்சள் எழுத்து. டாக்ஸியாக ஓடிய காரை சொந்த வாகனமாக மாற்றி விற்பது சட்டப்படி சரிதான். ஆனால், அந்தக் காரை டாக்ஸியாக ஓடியதற்கான விலையில்தான் வாங்க வேண்டும். ஆர்.டி.ஓ. பதிவில் முதலில் எந்த வகையில் பதிவானது என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த இடத்தில் டாடா எக்ஸ்பிரஸ்-டி பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. 2021-ல் டாக்ஸி நிறுவனங்களுக்காக வந்த இந்த கார், பார்க்க டிகோர் போலவே இருக்கும். அதன் பேட்டரி 16.5 அல்லது 21.5 யூனிட். அதே ஆண்டு பொதுமக்களுக்கு விற்கப்பட்ட டிகோர் இ.வி-யில் 26 யூனிட். 'டிகோர் இ.வி' என்ற பெயரில் விற்பனைக்கு வரும் கார் இவற்றில் எது என்பதைப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

ஆர்.சி-யில் உள்ள சேஸிஸ் நம்பர் 17 இலக்கம். காரில் பொறிக்கப்பட்டிருக்கும் நம்பரோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்றும் சேஸிஸ் நம்பரில் வராது. 'ஓ' போலத் தெரிவது பூஜ்யம்தான். எம்-பரிவாஹன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு, பதிவு தேதி, இன்ஷூரன்ஸ், கடன் நிலுவை ஆகியவற்றையும் பார்த்துவிடலாம்.

பேட்ஜை ஒட்டலாம்... டிஸ்க் பிரேக்கை ஒட்ட முடியாது!

காரின் பின்னால் இருக்கும் எழுத்து, கடையில் கிடைக்கும் ஒரு ஸ்டிக்கர். அதை யாரும் ஒட்டலாம். மாற்றுவதற்குச் செலவும் சிரமமும் பிடிக்கும் பாகங்களைத்தான் பார்க்க வேண்டும்.

2023-க்கு முந்தைய நெக்ஸானில், மேக்ஸ் என்றால் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் இருக்கும். கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக்குக்குப் பதிலாக பட்டன் இருக்கும். சீட்டுகளுக்கு நடுவே ஹேண்ட் பிரேக் லீவர் நீட்டிக்கொண்டிருந்தால், அது 30.2 யூனிட் கார். இசட்.எஸ். இ.வி-யில் சார்ஜ் போடும் இடத்தைப் பாருங்கள். முன்பக்க லோகோவுக்குப் பின்னாலேயே இருந்தால் அது பழைய 44.5 யூனிட் மாடல். 2022-ல் வந்த மாடலில் லோகோவுக்குப் பக்கத்தில் தனியாக மூடி இருக்கும்.

டயரையும் விட்டுவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். '2322' என்றால் 2022-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. ஓடோமீட்டர் 18,000 கி.மீ. காட்டுகிறது, ஆனால் நான்கு டயர்களும் போன வருடம் தயாரானவை என்றால், அவ்வளவு சீக்கிரம் ஏன் டயர் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். சர்வீஸ் பில்களில் இருக்கும் கி.மீ. கணக்கோடும் ஓடோமீட்டரை ஒப்பிடுங்கள்.

இரண்டாவது எண்: காருக்குள் இருக்கும் சார்ஜர்

"வீட்டில் 7.2 கிலோவாட் சார்ஜர் இருக்கிறது. ஒரே ராத்திரியில் ஃபுல் ஆகிவிடும்" என்று விற்பவர் சொல்லலாம். சுவரில் மாட்டியிருப்பது கரன்ட் கொடுக்கும் பெட்டி மட்டுமே. அந்த கரன்ட்டை வாங்கி பேட்டரிக்கு ஏற்ற மாதிரி மாற்றும் உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. அது 3.3 கிலோவாட் வகையாக இருந்தால், சுவரில் எவ்வளவு பெரிய பெட்டியை மாட்டினாலும் கார் 3.3-க்கு மேல் வாங்காது.

நெக்ஸான் மேக்ஸ், டியாகோ இ.வி இரண்டிலும் 3.3, 7.2 என இரண்டு வகைகள் விற்றன. 40.5 யூனிட் பேட்டரியை 3.3 கிலோவாட்டில் நிரப்ப சுமார் 15 மணி நேரம் ஆகும். 7.2 என்றால் ஆறு, ஆறரை மணி நேரம். இரவு 10 மணிக்கு வீடு திரும்பி, காலை 6 மணிக்குக் கிளம்பும் குடும்பத்துக்கு இது பெரிய வித்தியாசம்.

கண்டுபிடிப்பது சுலபம். 7.2 கிலோவாட் ஏ.சி. சார்ஜர் உள்ள இடத்தில் காரைப் பத்து நிமிடம் மாட்டுங்கள். சார்ஜரின் திரையிலோ ஆப்பிலோ ஓடும் எண் மூன்றைத் தாண்டவில்லை என்றால், உள்ளே இருப்பது சின்ன சார்ஜர். பேட்டரி ஏறக்குறைய நிரம்பிய நிலையில் இதைச் செய்யக் கூடாது. அப்போது எந்த காரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஃபாஸ்ட் சார்ஜிங் சாக்கெட்டையும் திறந்து பாருங்கள். இன்றைய பொது சார்ஜிங் நிலையங்களில் அதிகம் இருப்பது சி.சி.எஸ்-2 வகை. முந்தைய தலைமுறை டாக்ஸி கார்கள் சிலவற்றில், பாரத் டி.சி-001 என்ற குறைந்த வேகத் தரத்துக்கான சாக்கெட் இருக்கும். அந்த காரில் சி.சி.எஸ்-2 கன் பொருந்தாது. அப்படிப்பட்ட காரை வாங்கினால், நெடுஞ்சாலையில் இருக்கும் பெரும்பாலான ஃபாஸ்ட் சார்ஜர்கள் உங்களுக்குப் பயன்படாது.

மூன்றாவது எண்: மிச்சம் இருக்கும் ஆரோக்கியம்

செல்போன் பேட்டரியைப் போலத்தான் கார் பேட்டரியும். வருடங்கள் போகப் போகக் கொள்ளளவு குறையும். திரையில் '100 சதவீதம்' என்று காட்டுவது, இன்று பேட்டரி தாங்கும் அளவில் 100 சதவீதம். புதிதாக இருந்தபோது தாங்கிய அளவு அல்ல. புதிய அளவில் இன்று எத்தனை சதவீதம் மிச்சம் என்பதைத்தான் எஸ்.ஓ.ஹெச் என்கிறார்கள்.

திரையில் தெரியும் 'இன்னும் இத்தனை கி.மீ. ஓடும்' என்ற எண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கடைசியாக எப்படி ஓட்டினார்களோ அதை வைத்து கார் போடும் கணக்கு அது. இரண்டு நாள் மெதுவாக ஓட்டினாலே எண் ஏறிவிடும்.

நம்பகமான வழி, அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பேட்டரி பரிசோதனை செய்து, எழுத்துபூர்வ அறிக்கை வாங்குவது. செலவை நீங்களே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லுங்கள். அதற்கும் விற்பவர் மறுத்தால், வேறு காரைப் பார்ப்பதே நல்லது.

அதோடு, நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனையும் இருக்கிறது. பொது ஃபாஸ்ட் சார்ஜருக்கு விற்பவரோடு போங்கள். பேட்டரி 20 சதவீதத்தில் இருக்கும்போது மாட்டி, 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். எத்தனை யூனிட் ஏறியது என்று பில்லில் வரும். நீங்கள் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

20-ல் இருந்து 80 என்றால் பேட்டரியில் 60 சதவீதம். 30.2 யூனிட் பேட்டரி என்றால் 18 யூனிட்டை ஒட்டி ஏற வேண்டும். 40.5 என்றால் 24 யூனிட்டை ஒட்டி ஏற வேண்டும். வழியில் வீணாவதையும் சேர்த்தால், பில்லில் ஓரிரு யூனிட் கூடுதலாகக் காட்டலாம். 40.5 என்று சொல்லப்பட்ட காரில் 18 யூனிட்தான் ஏறியது என்றால், ஒன்று அது சின்ன பேட்டரி, அல்லது பலமாகத் தேய்ந்துபோன பெரிய பேட்டரி. எதுவென்று ஆர்.சி. புக்கும் காரின் பாகங்களும் சொல்லிவிடும். எதுவாக இருந்தாலும் அந்த விலை சரியில்லை என்பது உறுதி.

வீட்டு சார்ஜரில் இதே சோதனையைச் செய்தால், 10 முதல் 15 சதவீதம் வரை கூடுதல் இழப்பு இருக்கும். அதைக் கழித்துக் கணக்குப் போட வேண்டும். நெக்ஸான் போன்ற கார்களில் இருக்கும் எல்.எஃப்.பி. வகை பேட்டரியில் திரையின் சதவீதம் சில நேரம் பிசகும். முந்தைய நாளே ஒருமுறை 100 வரை சார்ஜ் செய்துவிட்டு, பிறகு ஓட்டி இறக்கி இந்தச் சோதனையைச் செய்தால் கணக்கு சரியாக இருக்கும்.

வாரன்ட்டி யாருக்கு?

எலெக்ட்ரிக் கார்களின் பேட்டரிக்குப் பொதுவாக 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ., இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை வாரன்ட்டி இருக்கும். இது முதல் ஓனர் கார் வாங்கிய நாளில் இருந்து தொடங்கும். 2020 மார்ச்சில் விற்ற காருக்கு 2028 மார்ச்சில் முடிந்துவிடும். எத்தனை சதவீதத்துக்குக் கீழே ஆரோக்கியம் குறைந்தால் பேட்டரியை மாற்றித் தருவார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வாரன்ட்டி புத்தகத்தைப் படித்துப் பாருங்கள்.

'லைஃப்டைம் வாரன்ட்டி' என்ற சொல்லில் கூடுதல் கவனம் தேவை. விண்ட்சர் கார் அறிமுகமானபோது சொல்லப்பட்ட ஆயுள்கால பேட்டரி வாரன்ட்டி, முதல் ஓனருக்கு மட்டும்தான். இரண்டாவது ஓனருக்கு 8 ஆண்டு, 1.6 லட்சம் கி.மீ. கணக்குதான்.

இன்னொரு புதிய விஷயம், பேட்டரி வாடகைத் திட்டம். விண்ட்சர் 2024 செப்டம்பரில் வந்தபோது, காருக்கு 9.99 லட்சம் ரூபாய், பேட்டரிக்கு கி.மீ-க்கு 3.50 ரூபாய் என்று ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. அப்படி வாங்கிய கார் விற்பனைக்கு வந்தால், கார் ஒருவருடையது, பேட்டரிக்கான பாக்கி வேறு இடத்தில் என்ற நிலை இருக்கும். பேட்டரிக்கும் சேர்த்து நிதி நிறுவனத்திடம் இருந்து 'பாக்கி இல்லை' கடிதம் வாங்கித் தந்தால் மட்டுமே பணம் கொடுக்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற காரா என்பதும் முக்கியம். 2023 டிசம்பரில் சென்னையிலும் தென் மாவட்டங்களிலும் எத்தனையோ கார்கள் மூழ்கின. ஐ.பி. 67 தரம் என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். இரண்டு நாள் தண்ணீரில் நிற்கும் என்று பொருள் அல்ல. இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

1. சேஸிஸ் நம்பரோடு சர்வீஸ் சென்டருக்குப் போய், வேரியன்ட், பேட்டரி அளவு, விற்ற தேதி, வாரன்ட்டி முடியும் தேதி ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். எல்லா சோதனைகளிலும் இதுதான் முதன்மையானது.

2. ஆர்.சி-யில் மாடல் பெயர், தயாரான மாதம், எடை, வாகன வகை ஆகிய நான்கையும் பாருங்கள்.

3. ஏ.சி. சார்ஜரில் பத்து நிமிடம், ஃபாஸ்ட் சார்ஜரில் 20-ல் இருந்து 80 வரை மாட்டிப் பாருங்கள். பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

4. காரோடு வந்த 15 ஆம்பியர் சார்ஜிங் கேபிள், இரண்டு சாவிகள் இருக்கின்றனவா, வீட்டு சார்ஜர் பெட்டியும் விலையில் அடக்கமா என்று கேளுங்கள்.

5. பழைய ஓனரின் போன் ஆப்பில் இருந்து காரை நீக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், கார் எங்கே நிற்கிறது என்று அவரால் பார்க்க முடியும்.

6. விற்பனை ஒப்பந்தத்தில் பேட்டரி எத்தனை கிலோவாட் ஹவர், சார்ஜர் எத்தனை கிலோவாட் என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். வாய்வார்த்தையில் 'மேக்ஸ்' என்று சொன்னவர்கூட, எழுதும்போது ஒருமுறை யோசிப்பார்.

இத்தனை சோதனைகளுக்குப் பிறகு, கார் சின்ன பேட்டரி வகை என்று தெரிந்தால் உடனே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. தினமும் 40 கி.மீ. ஆபீஸ் போய் வந்து, இரவில் வீட்டில் சார்ஜ் போடும் குடும்பத்துக்கு 30 யூனிட் கார் தாராளம். விலையும் குறைவு, நிரம்பவும் குறைந்த நேரமே ஆகும். 30 யூனிட் காரை, 30 யூனிட் காருக்கு உரிய விலையில் வாங்குங்கள். அவ்வளவுதான்!